மருத்துவக் குறியீடுகளைச் சரிபார்ப்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நோயாளிகளின் பதிவேடுகள் காகிதத்திலிருந்து கணினிக்கு மாறுவது குறித்து நாளிதழ்களில் வரும் செய்திகளில், நோய்களையும் பரிசோதனைகளையும் எங்கும் ஒரே பொருளில் குறிக்கும் பன்னாட்டுத் தரத்திலான மருத்துவக் குறியீடுகள் நடைமுறைக்கு வந்துவிட்டன என்ற வாக்கியம் தவறாமல் இடம்பெறுகிறது. பெரும்பாலும் செய்தியும் அந்த வாக்கியத்தோடு முடிந்துவிடுகிறது. நடைமுறைக்கு வந்த குறியீடுகள் சரியாகத்தான் பயன்படுத்தப்படுகின்றனவா, அதை யார், எந்த முறையில், எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை சரிபார்க்கிறார்கள் என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. மருத்துவ ஆவணப் பிரிவில் பணியாற்றும் அனுபவத்தைக் கொண்டு அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். குறியீட்டுத் தொகுதிகளை உருவாக்கி வெளியிடும் அமைப்புகள் தங்கள் பக்கத்துச் சோதனைகளை ஓரளவு ஒழுங்காகவே செய்கின்றன. நான் பார்த்த பிழைகளில் மிகுதியானவை, அத்தொகுதிகள் மருத்துவமனையின் மென்பொருளுக்குள் இறங்கிய பிறகு உண்டானவை. அந்த இடத்தில்தான் சோதிப்பதற்கு ஆளும் இல்லை, முறையும் இல்லை.

சிக்கல் கணினியோடு வந்ததன்று. இங்கிலாந்தின் இறப்புப் பதிவுகளை ஆராய்ந்த வில்லியம் ஃபார், 1839இல் வெளிவந்த அறிக்கையிலேயே, மருத்துவர்கள் ஒரு நோயை மூன்று நான்கு பெயர்களால் குறிப்பதையும் ஒரு பெயரைப் பல நோய்களுக்கு வழங்குவதையும் எடுத்துக்காட்டி, எடைக்கும் அளவைக்கும் இருக்கும் ஒழுங்கு நோய்ப்பெயர்களுக்கும் வேண்டும் என்று வாதிட்டார். 1893இல் சிகாகோவில் ஜாக் பெர்டியோன் முன்வைத்த இறப்புக் காரணங்களின் பட்டியல், 1948 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் பொறுப்பில் வளர்ந்து, இன்று ஐசிடி என்ற பெயரில் பதினோராம் திருத்தத்தை எட்டியிருக்கிறது. 2019இல் ஏற்கப்பட்ட அத்திருத்தம் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஐசிடி எண்ணிக்கை எடுப்பதற்காகப் பிறந்த வகைப்பாடு. நோயாளியின் அருகிலிருந்து மருத்துவர் எழுதுவதை உள்ளபடி பதிவதற்கு, 2002இல் இரண்டு பழைய தொகுதிகளை இணைத்து உருவான ஸ்னோமெட் சிடி பயன்படுகிறது. அதில் மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துருக்கள், அதாவது தனித்தனிப் பொருளும் எண்ணும் கொண்ட மருத்துவக் கருத்துகள், உள்ளன. ஆய்வகப் பரிசோதனைகளுக்கு, ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனம் 1994இல் தொடங்கிய லோயின்க் இருக்கிறது. மூன்றும் வெவ்வேறு வேலைக்கானவை. ஒன்று இருக்க மற்றொன்று எதற்கு என்று நிர்வாகக் கூட்டங்களில் அவ்வப்போது கேட்கப்படுவதுண்டு. பின்வரும் பிழைகளில் சில அந்தக் கேள்வியிலிருந்தே முளைத்தவை.

இத்தொகுதிகளின் அமைப்பிலேயே பல காப்புகள் உள்ளன என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஐசிடியின் பதினோராம் திருத்தத்தில், 1, 0 ஆகிய எண்களோடு குழம்பிவிடும் என்பதற்காக ஐ, ஓ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைக் குறியீடுகளில் பயன்படுத்தாமலே விட்டிருக்கிறார்கள். ஸ்னோமெட் சிடியின் ஒவ்வோர் அடையாள எண்ணும் 6 முதல் 18 இலக்கங்கள் வரை நீளலாம். அதன் கடைசி இலக்கம் முந்தைய இலக்கங்களிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கம். அதற்கு முந்தைய இரண்டு இலக்கங்கள், அந்த எண் ஒரு கருத்துருவைக் குறிக்கிறதா, பெயரைக் குறிக்கிறதா, உறவைக் குறிக்கிறதா என்பதையும், பன்னாட்டுப் பதிப்பைச் சேர்ந்ததா, ஒரு நாடோ நிறுவனமோ தனக்கென்று சேர்த்த விரிவாக்கமா என்பதையும் சொல்லும். சரிபார்ப்பு இலக்கத்துக்கான முறை, டச்சுக் கணிதவியலாளர் யாகோபஸ் வெர்ஹூஃப் 1969இல் வகுத்தது. ஓர் இலக்கத்தைத் தவறாக அடித்தாலும், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களை முன்பின்னாக அடித்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். இவற்றோடு, மருத்துவத் தகவலியல் அறிஞர் ஜேம்ஸ் சிமினோ 1998இல் தொகுத்துரைத்த நெறிகளும் இன்று பல தொகுதிகளில் ஏற்கப்பட்டுவிட்டன: ஒரு குறியீட்டுக்கு ஒரு பொருளே இருக்க வேண்டும், கொடுத்த குறியீட்டை அழிக்கவோ வேறு பொருளுக்கு மாற்றவோ கூடாது, எண்ணுக்குள் பொருளைப் புதைக்கக் கூடாது, பழையதிலிருந்து புதியதற்குச் செல்லும் வழி பதிவாக வேண்டும்.

தர்க்கச் சோதனையும் நடக்கிறது. ஸ்னோமெட் சிடியில் கருத்துருக்கள் ஒன்றோடொன்று உறவுகளால் கோக்கப்பட்டிருப்பதால், கணினியே அவற்றை வகைப்படுத்தி, எது எதன் வகை என்று முடிவுகட்டுகிறது. இது பெரிய வசதி. ஆபத்தும் இதிலேதான் இருக்கிறது. விரல் கையின் பகுதி. ஆனால் கையின் ஒரு வகையன்று. இந்த இரண்டு உறவுகளும் தொகுதியின் அமைப்பில் ஓரிடத்தில் கலந்துவிட்டால், விரலை வெட்டியெடுத்த அறுவை சிகிச்சை கையையே வெட்டியெடுத்த அறுவை சிகிச்சையின் ஒரு வகை என்று கணினி அனுமானித்துவிடும். இப்படிப்பட்ட அனுமானங்கள் உண்மையிலேயே தொகுதிக்குள் இருந்ததை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். எந்த மருத்துவரும் எழுதாத தவறு அது. எந்தத் தட்டெழுத்துப் பிழையாலும் வந்ததன்று. இலட்சக்கணக்கான கருத்துருக்களை மனிதர்கள் வரிசையாகப் படித்துத் திருத்த இயலாது என்பதால், ஒரே அமைப்புக் கொண்ட பெயர்களில் ஒன்று மட்டும் வேறிடத்தில் நிற்கிறதா, ஒரே வகையைச் சேர்ந்தவற்றில் ஒன்றுக்கு மட்டும் ஓர் உறவு விடுபட்டிருக்கிறதா என்று சந்தேகத்துக்குரிய இடங்களை நிரல்களால் சலித்தெடுத்து, அவற்றை மட்டும் மருத்துவர்களிடம் கொடுக்கும் தணிக்கை முறைகள் உருவாகியுள்ளன. வெளியிடும் அமைப்புகள் இதற்கென்று ஆளும் நேரமும் ஒதுக்குகின்றன. என் குறை அவர்கள்மேல் இல்லை.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். குறியீட்டுப் பட்டியலை ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு அனுப்பும்போது, பெரும்பாலும் அது ஏதோ ஒரு கட்டத்தில் எக்செல் கோப்பாக மாறுகிறது. எக்செல் ஓர் எண்ணின் முதல் 15 இலக்கங்களை மட்டுமே துல்லியமாக வைத்துக்கொள்ளும், மிச்சத்தைச் சுழியமாக்கிவிடும். ஆகவே 18 இலக்கங்கள் கொண்ட ஸ்னோமெட் எண் ஒன்றை, அந்த நெடுவரிசை எழுத்துவடிவம் என்று முன்கூட்டியே குறிக்காமல் திறந்து சேமித்தால், அதன் கடைசி மூன்று இலக்கங்கள் 000 ஆகிவிடுகின்றன. அந்த மூன்று இலக்கங்கள் எவை என்பதைக் கவனிக்க வேண்டும்: எண்ணின் வகையைச் சொல்லும் இரண்டும், சரிபார்ப்பு இலக்கமுமே அவை. வகையிடத்தில் 00 வந்துவிட்டதால், உள்நாட்டு விரிவாக்கத்தில் சேர்த்த கருத்துரு ஒன்று, பன்னாட்டுப் பதிப்பைச் சேர்ந்ததுபோல் தோற்றம் கொண்டுவிடுகிறது. ஒரு கருத்துருவின் எண்ணும் ஒரு பெயரின் எண்ணும் முதல் 15 இலக்கங்களில் ஒத்திருந்தால், இரண்டும் ஒரே எண்ணாகிவிடுகின்றன. வெர்ஹூஃபின் சோதனை இந்தச் சிதைவில் பெரும்பகுதியைப் பிடித்துவிடக்கூடியதுதான். ஆனால் கோப்பை உள்ளேற்றும் மென்பொருள் அந்தச் சோதனையைச் செய்தால்தானே? செய்யாத மென்பொருள்களை நான் பார்த்திருக்கிறேன். எண்ணை எழுத்துச் சரமாகக் கையாள்வதும், உள்ளே வரும் ஒவ்வோர் எண்ணையும் சரிபார்ப்பு இலக்கத்தோடும் நடப்புப் பதிப்போடும் ஒப்பிடுவதும் சில வரிகளில் முடிகிற நிரல். மரபணுக்களின் பெயர்களை எக்செல் தேதிகளாக மாற்றிவிடுகிறது என்பதற்காக 2020இல் மரபணுப் பெயரிடும் குழுவே சில பெயர்களை மாற்றிக்கொண்டதை நினைத்துப் பார்த்தால், இது அற்பமான கவலையன்று என்பது விளங்கும்.

ஆய்வகக் குறியீடுகளில் நடப்பது இன்னும் நுட்பமானது. லோயின்க்கில் ஒரு பரிசோதனை, எதை அளக்கிறோம், எந்தப் பண்பை அளக்கிறோம், எந்த நேர அளவில், எந்த மாதிரியில், எந்த அளவுகோலில், தேவையானால் எந்த முறையில் என்ற ஆறு கூறுகளால் வரையறுக்கப்படுகிறது. இரத்தச் சர்க்கரை என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்கு அங்கே பல குறியீடுகள் உண்டு. சீரத்திலோ பிளாஸ்மாவிலோ உள்ள குளுக்கோஸை எடையளவில் சொன்னால் 2345-7. அதையே மோல் அளவில் சொன்னால் 14749-6. முழு இரத்தத்தில் எடையளவில் சொன்னால் 2339-0. வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம் என்பதும் லிட்டருக்கு 7.0 மில்லிமோல் என்பதும் ஒன்றே. இந்த இரண்டும் இடம்மாறினால் 126 என்ற எண் 7 ஆகத் தெரியும். எந்தச் செவிலியரும் உடனே நிமிர்ந்து பார்ப்பார். பெரிய பிழை தன்னைத் தானே காட்டிக்கொள்ளும். எனக்கு அச்சம் தருவது சிறிய பிழை. முழு இரத்தத்தில் அளக்கும் சர்க்கரை பிளாஸ்மாவில் அளப்பதைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவாகவே வரும். கருவி மாறிய பிறகும் பழைய குறியீடே தொடர்ந்தால், எந்த எண்ணும் விபரீதமாகத் தோன்றாது. ஆனால் நீரிழிவைத் தீர்மானிக்கும் 126 என்ற எல்லைக்கோட்டை ஒட்டி நிற்கும் நோயாளிகளில் சிலர் தவறான பக்கத்தில் வைக்கப்படுவார்கள். மாதந்தோறும் ஒவ்வொரு குறியீட்டின் கீழும் வந்த முடிவுகளின் நடுமதிப்பை எடுத்து, முந்தைய மாதங்களோடு வரைந்து பார்த்தாலே, நோயாளிகள் மாறாதபோது எண் மட்டும் ஒரு படி இறங்கியிருப்பது தெரிந்துவிடும். ஆய்வகங்கள் கருவிகளின் அளவுத்திருத்தத்தில் காட்டும் கண்டிப்பில் ஒரு பகுதியையாவது குறியீட்டிலும் காட்டக் கூடாதா?

மருத்துவர் பதிவதில் நேரும் பிழைக்கு வேறு முகம். மார்புவலியோடு வந்தவருக்கு மாரடைப்பாக இருக்குமோ என்ற ஐயத்தில், திரையில் 22298006 என்ற மாரடைப்புக் குறியீடு தேர்ந்தெடுக்கப்படுகிறது. பரிசோதனைகளுக்குப் பிறகு மாரடைப்பு இல்லை என்று முடிவாகி, அவர் வீட்டுக்கும் அனுப்பப்படுகிறார். குறியீடோ பதிவில் நின்றுவிடுகிறது. அடுத்த மருத்துவமனைக்கும் காப்பீட்டுக் கணக்குக்கும் ஆராய்ச்சியாளரின் தரவுக்கும் அவர் மாரடைப்பு வந்தவராகவே செல்கிறார். ஐயம், மறுப்பு, குடும்பத்தில் இருந்த நோய், முன்பு இருந்து இப்போது இல்லாத நோய் ஆகியவற்றை வேறுபடுத்திப் பதிய ஸ்னோமெட் சிடியில் தனிப் பகுதியே உண்டு. ஆனால் பல மென்பொருள்களின் பதிவுத் திரையில் அதற்கு வழி வைக்கப்படுவதில்லை. நோயின் பெயரைத் தேர்ந்தெடுக்கும் ஒரே பெட்டிதான் இருக்கிறது. நிமிடக்கணக்கில் நோயாளிகளைப் பார்த்தாக வேண்டிய மருத்துவரைக் குறைசொல்லிப் பயனில்லை. இங்கே சோதிக்க வேண்டியது திரையை. அதோடு, மாரடைப்பு என்று குறியிடப்பட்டவர்களில் இதயத் தசை சேதமடைந்தால் இரத்தத்தில் உயரும் டிரோபோனின் என்ற புரதத்தின் அளவு உயராமலும், இரத்த ஓட்டத்தைச் சீராக்கும் எந்தச் சிகிச்சையும் பெறாமலும், மறுநாளே வெளியேறியவர்கள் எத்தனைபேர் என்று பதிவேட்டையே கேட்டால், சரிபார்க்க வேண்டியவர்களின் பட்டியல் கையில் வந்துவிடும்.

பட்டியலில் மேலே எது வருகிறதோ அதுவே அதிகம் தேர்ந்தெடுக்கப்படும் என்பதும் நாம் எல்லோரும் அறிந்ததே. தேடுபெட்டியில் மூன்று எழுத்துகள் அடித்தவுடன் முதலில் வந்து விழும் பொதுப்படையான குறியீடு, ஒரு துறையில் திடீரென்று பெருகினால், நோய் பெருகியதா பட்டியலின் வரிசை மாறியதா என்று பார்க்க வேண்டும். இதில் ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'குறிப்பிடப்படாத' வகைக் குறியீடுகளின் விகிதத்தைக் குறைத்துக்காட்டுவதையே தரத்தின் அளவாகச் சில நிர்வாகங்கள் வைத்துக்கொள்கின்றன. முதல் நாளில் காய்ச்சல் வெறும் காய்ச்சலே. அதன் காரணம் அன்று யாருக்கும் தெரியாது. அதைக் குறிப்பிடப்படாத காய்ச்சல் என்று பதிவது நேர்மையான பதிவு. விகிதத்தைக் குறைக்கச் சொல்லி நெருக்கினால் கிடைப்பது துல்லியமன்று. துல்லியம்போல் தோன்றும் ஊகம்.

மேப்பிங் என்று தொழிலில் சொல்லப்படும் பொருத்த அட்டவணைகளைப் பற்றித் தனியாகவே ஒரு கடிதம் எழுதலாம். ஸ்னோமெட் குறியீட்டிலிருந்து ஐசிடி குறியீட்டைப் பெறுவதற்கு இந்த அட்டவணைகள் தேவை. நுண்ணிய பல கருத்துருக்கள் ஐசிடியில் ஒரே பெட்டிக்குள் போய்ச் சேரும். நோயாளியின் வயதையும் உடனிருக்கும் நோயையும் பார்த்தே சில இடங்களில் பெட்டியை முடிவுசெய்ய முடியும். இந்த அட்டவணை ஒருவழிப் பாதை. அதைத் தலைகீழாகத் திருப்பி, ஐசிடி குறியீடுகளிலிருந்து ஸ்னோமெட் பதிவுகளை 'உருவாக்கும்' வேலை நடக்கும் இடங்கள் உண்டு. ஐசிடி-10இல் ஜே18.9 என்பது எந்தக் கிருமியால் என்று குறிப்பிடப்படாத நிமோனியா. அதிலிருந்து மருத்துவர் முதலில் என்ன எழுதினார் என்பதை மீட்க எந்த அட்டவணையாலும் முடியாது. திருப்பிய அட்டவணையோ ஏதாவது ஒன்றைத் தயங்காமல் எழுதிக்கொடுத்துவிடும். அட்டவணையின் தரத்தை அளப்பதற்கென்றே 2019இல் பன்னாட்டுத் தரநிர்ணய அமைப்பு ஐஎஸ்ஓ/டிஎஸ் 21564 என்ற வழிகாட்டு ஆவணத்தை வெளியிட்டது. இருவர் ஒருவரையொருவர் பார்க்காமல் பொருத்தி, முரண்படும் இடங்களை மூன்றாமவர் தீர்க்கும் முறையும் நெடுங்காலமாக அறியப்பட்டதே. ஒரே ஆள் ஒரு வாரத்தில் உட்கார்ந்து முடித்த அட்டவணையை வாங்கிப் பொருத்திவிட்டு, பொருத்தம் முடிந்தது என்று அறிக்கை தரும் வழக்கம் நிற்க வேண்டும்.

எல்லாவற்றிலும் நான் மிகவும் அஞ்சுவது பதிப்பு மாற்றத்தை. ஸ்னோமெட் சிடியின் பன்னாட்டுப் பதிப்பு முன்பு ஆண்டுக்கு இருமுறை வந்தது. 2022 முதல் மாதந்தோறும் வருகிறது. ஒவ்வொரு பதிப்பிலும் சில கருத்துருக்கள், இரட்டையாக இருக்கின்றன என்றோ பொருள் தெளிவில்லை என்றோ காலங்கடந்தவை என்றோ காரணம் காட்டிச் செயலற்றவையாகக் குறிக்கப்படுகின்றன. அவை அழிக்கப்படுவதில்லை, எதனால் மாற்றப்பட்டது, எதற்குச் சமமானது, எதற்குச் சமமாக இருக்கக்கூடும் என்று இணைப்புக் குறிப்பும் சேர்த்தே தரப்படுகிறது. இவ்வளவு கவனமாகச் செய்யப்படும் வேலை மருத்துவமனைக்குள் வந்தவுடன் என்னவாகிறது என்று பாருங்கள். நீரிழிவு நோயாளிகள் அனைவரையும் கண்பரிசோதனைக்கு அழைப்பதற்காக, 73211009 என்ற நீரிழிவுக் கருத்துருவையும் அதன் கீழுள்ள எல்லா வகைகளையும் கொண்ட பதிவுகளை எடுத்துத்தா என்று கணினியிடம் கேட்கிறோம். கணினி, நடப்புப் பதிப்பில் செயலில் இருக்கும் வகைகளை மட்டும் பார்க்கிறது. ஐந்தாண்டுக்கு முன், இப்போது செயலற்றுப்போன ஒரு குறியீட்டின்கீழ் பதியப்பட்டவர் பட்டியலில் வருவதில்லை. பிழைச்செய்தி எதுவும் எழுவதில்லை. பட்டியல் நீளமாகவும் ஒழுங்காகவும்தான் இருக்கிறது. அழைக்கப்படாதவருக்குத் தாம் அழைக்கப்படவில்லை என்பதே தெரியாது. பதிவுகளில் உள்ள செயலற்ற குறியீடுகள் எத்தனை, அவற்றில் நேரடி மாற்று உள்ளவை எத்தனை, 'சமமாக இருக்கக்கூடும்' என்ற குறிப்போடு நிற்பதால் மனிதர் பார்த்தே தீர்க்க வேண்டியவை எத்தனை என்று ஒவ்வொரு பதிப்பு ஏற்றத்துக்கும் முன்பும் பின்பும் எண்ணுவது, நான் அறிந்தவற்றில் மிகக் குறைந்த உழைப்பில் மிகுந்த பயன் தரும் சோதனை. முக்கியமான நோய்ப்பட்டியல்களைப் பழைய பதிப்பிலும் புதிய பதிப்பிலும் ஓட்டி, யார் புதிதாக உள்ளே வந்தார்கள், யார் காணாமற்போனார்கள் என்று பெயர் பெயராகப் பார்க்க வேண்டும். மொத்த எண்ணிக்கை ஒத்திருப்பது போதாது, ஏனெனில் பத்துப்பேர் விழுந்து வேறு பத்துப்பேர் சேர்ந்தாலும் எண்ணிக்கை ஒத்தே இருக்கும்.

தணிக்கை நடக்கும் இடங்களிலும் அது எப்படி நடக்கிறது என்பதைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. குறியீடு இருக்கும் பதிவுகளை எடுத்து, அதற்கான ஆதாரம் மருத்துவக் குறிப்பில் இருக்கிறதா என்று பார்ப்பதே பொதுவான வழக்கம். கட்டணக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் வேலையிலிருந்து வந்த வழக்கம் அது. எதிர்த்திசையில், குறிப்பில் நோய் தெளிவாக எழுதப்பட்டிருந்தும் குறியீடு இல்லாத பதிவுகளைத் தேடுவோர் குறைவு. நோயாளிக்குத் தீங்கு செய்வதில் இரண்டாவது வகை சளைத்ததன்று. பென்சிலின் ஒவ்வாமை வெறும் குறிப்பில் மட்டும் இருந்து குறியீடாகப் பதியப்படாவிட்டால், மருந்து எழுதும்போது எந்த எச்சரிக்கையும் திரையில் எழாது. இன்னொன்று, தணிக்கையாளர்கள் இருவரின் ஒப்புமையை வெறும் விழுக்காடாகச் சொல்லிப் பெருமைப்படுவது. நூறு பதிவுகளில் ஓர் அரிய நோய் எவற்றில் இருக்கிறது என்று இருவரிடம் கேட்டதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் ஐந்து பதிவுகளைக் குறிக்கிறார். மற்றவர் முற்றிலும் வேறான ஐந்தைக் குறிக்கிறார். ஒரு பதிவில்கூட இருவரும் சேர்ந்து 'ஆம்' என்று சொல்லவில்லை. ஆயினும் மிச்சமுள்ள தொண்ணூறில் இருவரும் 'இல்லை' என்றதால் ஒப்புமை 90 விழுக்காடு என்று அறிக்கையில் வரும். தற்செயலாக நேரும் ஒப்புமையைக் கழித்துப் பார்க்கும் காப்பா என்ற அளவை ஜேக்கப் கோஹன் 1960இலேயே வகுத்துத் தந்திருக்கிறார். இதே கணக்குக்கு அது சுழியத்துக்கும் கீழே, ஏறத்தாழ -0.05 என்று வரும். எந்த அளவில் சொல்கிறோம் என்பதைக் கேட்காமல் விழுக்காட்டை மட்டும் ஏற்றுக்கொள்ளும் மேலதிகாரிகளுக்கு இந்த ஒரு கணக்கையாவது காட்டலாம்.

இந்த வேலைகளுக்கெல்லாம் பொறுப்பாக ஒருவர் வேண்டும். தகவல் தொழில்நுட்பப் பிரிவைக் கேட்டால் அது மருத்துவம் என்கிறார்கள். மருத்துவர்களைக் கேட்டால் அது மென்பொருள் என்கிறார்கள். ஆவணப் பிரிவுக்கோ மென்பொருளின் அட்டவணைகளைத் திறந்து பார்க்கும் அனுமதியே பெரும்பாலும் இருப்பதில்லை. குறியீட்டுத் தொகுதிகளை அறிந்த, மருத்துவமும் ஓரளவு தெரிந்த ஒருவரைப் பெயர் குறிப்பிட்டு நியமித்து, பதிப்பு ஏற்றத்தை நிறுத்திவைக்கும் அதிகாரத்தையும் அவருக்குக் கொடுப்பது பெருஞ்செலவில்லை. தொகுதியிலேயே பிழை இருப்பதை அவர் கண்டால், அதை வெளியிடும் அமைப்புக்கு முறையாக எழுதும் வழிகளும் இருக்கின்றன. நம்மவர்கள் உள்ளூர்க் குறியீடு ஒன்றைத் தாங்களே உருவாக்கிச் சமாளித்துவிட்டு அதை மறந்துவிடுவதால்தான் அந்த வழிகள் தூர்ந்துகிடக்கின்றன. இப்போது மருத்துவக் குறிப்பைப் படித்துத் தானே குறியீடு இடும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் விற்பனைக்கு வந்துள்ளன. அவற்றை நான் எதிர்க்கவில்லை. ஆனால் இத்தகைய மொழி மாதிரிகள், பார்வைக்குக் குறைசொல்ல முடியாத, ஆனால் தொகுதியில் இல்லவே இல்லாத எண்ணையும் எழுதக்கூடியவை. மனிதர் இட்ட குறியீட்டுக்குச் செய்யும் எல்லாச் சோதனைகளும் அவற்றுக்கும் பொருந்தும்; கருவியின் பரிந்துரையை மனிதர் பார்த்து ஏற்றாரா, பார்க்காமலே ஏற்றாரா என்பதும் தனியாகப் பதிவாக வேண்டும்.

தங்கள் நாளிதழின் வழியாக இரண்டு கோரிக்கைகளை வைக்க விரும்புகிறேன். குறியீடுகள் நடைமுறைக்கு வந்துவிட்டதாக அறிவிப்பவர்களிடம் செய்தியாளர்கள், எந்த மாதத்துப் பதிப்பு இப்போது பயன்பாட்டில் இருக்கிறது, செயலற்ற குறியீடுகள் பதிவுகளில் எத்தனை இருக்கின்றன, கடைசியாக மருத்துவக் குறிப்போடு ஒப்பிட்டது எப்போது, அதன் முடிவு எங்கே வெளியிடப்பட்டது என்று கேட்க வேண்டும். பதில் இல்லாவிட்டால் அதையும் செய்தியில் எழுத வேண்டும். மற்றது, மென்பொருள் வாங்கும் மருத்துவமனைகளுக்கு: ஒவ்வொரு பதிவிலும் குறியீட்டோடு, மருத்துவர் உண்மையில் தட்டெழுதிய சொற்களும், தேர்ந்தெடுக்கும்போது திரையில் தெரிந்த பெயரும், அன்றைய பதிப்பின் நாளும் சேமிக்கப்பட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். இந்த மூன்றும் இருந்தால், இன்று கண்ணில் படாத பிழையைப் பின்னர் வரும் தணிக்கையாளர் ஒருவர் கண்டறிந்து திருத்த வழியுண்டு. வெறும் எண்ணை மட்டும் வைத்திருந்தால், மருத்துவர் எதை எண்ணி அதைத் தேர்ந்தெடுத்தார் என்பதை அவரால்கூடப் பிறகு சொல்ல முடியாது.

இப்படிக்கு,
மருத்துவ ஆவணப் பிரிவு ஊழியர் ஒருவர்